பாயில் கிடக்கும் பிள்ளை கை காலைப் பழகும் விதம்: பிறந்ததிலிருந்து முதல் நடை வரை முழுமையான வழிகாட்டி

பாம்பனில் என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் பனையோலைப் பாய், அதன்மேல் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துப் போட்டு அவனைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டே இருந்தான். "வேலை வெட்டி இல்லாம உதைச்சுக்கிட்டே கெடக்கான் பாரு" என்றார் தங்கையின் மாமியார். "அத்தை, அவன் இப்பதான் வேலையிலயே இருக்கான்" என்றேன். நம்பவில்லை. சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி பார்ப்பது என் தொழில். ராமநாதபுரம் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்த ஊர்த் தாய் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: எப்போது பிடிப்பான், எப்போது உட்காருவான், எப்போது நடப்பான்? மாதக் கணக்கைக் கீழே சொல்கிறேன். ஆனால் கை கால் கட்டுப்பாடு என்பது நாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பிள்ளை தானாக ஆயிரம் தடவை தப்பாக அசைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது அது. நம் பங்கு, அதற்கு இடமும் நேரமும் கொடுப்பது. அதை எப்படிக் கொடுப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்குமுன் ஒரு கணக்கு

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் பிறந்த தேதியிலிருந்து வயதை எண்ணாதீர்கள். நிறைமாதம் 40 வாரம். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரத்தைக் கழித்துவிடுங்கள். காலண்டரில் ஐந்து மாதம் ஆன பிள்ளை, கை கால் கணக்கில் மூன்று மாதப் பிள்ளைதான். இரண்டு வயது வரை இப்படியே கழித்துப் பாருங்கள். இது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழுத தாய்மார்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று, வளர்ச்சி பொதுவாக எந்தத் திசையில் போகிறது என்பது. தலையிலிருந்து கீழ்நோக்கியும், உடம்பின் நடுவிலிருந்து வெளிநோக்கியும் அது போகும். முதலில் கழுத்து, பிறகு முதுகு, பிறகு இடுப்பு. முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகளின்மேல் கொழுப்பு உறை படர்ந்து முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். உறை படரப் படரக் கட்டளை வேகமாகவும் சிதறாமலும் போய்ச் சேரும். இந்தத் திசை விதிக்கு ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: பிறந்த ஆறு வாரம்

இந்த வயதில் அசைவு நிறைய இருக்கும், அவற்றில் பாதி பிள்ளையின் விருப்பத்தில் நடப்பதில்லை. கதவு படீரென்று சாத்தினால் இரு கையையும் விரித்து, பிறகு கட்டிக்கொள்வதுபோல் சுருக்கும். உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தால் இறுகப் பற்றும். தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், மறுபக்கத்துக் கை மடங்கும். வில்லை வளைத்து நிற்பவன் போல இருக்கும். அக்குளில் பிடித்துத் தூக்கிப் பாதம் தரையில் படும்படி வைத்தால் நடப்பதுபோல் அடி எடுத்து வைக்கும். இவையெல்லாம் அனிச்சைச் செயல்கள். இதைப் பார்த்து "ஒரு மாசத்துலயே நடக்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், பிள்ளை பயந்து அழும்.

கை எப்போதும் மூடியே இருக்கும். அது சரிதான்.

ஆனால் எல்லாமே அனிச்சை என்றும் நினைக்க வேண்டாம். 1995-இல் ஆட்ரி வான் டெர் மீர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், பிறந்து சில வாரமே ஆன பிள்ளைகளின் மணிக்கட்டில் சிறு எடையைக் கட்டி, கையைக் கால் பக்கமாக மெதுவாக இழுக்கவிட்டார்கள். தன் கண்ணுக்குத் தெரிகிற கையை மட்டும் பிள்ளை எடையை எதிர்த்துத் தூக்கி வைத்துக்கொண்டது. பார்வையில் படாத கையை அப்படியே விட்டுவிட்டது. தன் கையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அது பாடுபட்டிருக்கிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, கையில் மாட்டிவிட்ட துணி உறையைக் கழற்றுவது. நகம் கீறும் என்றுதான் மாட்டுகிறோம். பிள்ளை தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. விழித்திருக்கும் நேரத்தில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம். சேலைத் தொட்டிலிலும் போட வேண்டாம். தொட்டிலில் உடம்பு வளைந்து கிடக்கும், உதைக்க இடம் இருக்காது. விழித்தால் பாய்க்கு இறக்குங்கள்.

அடுத்தது குப்புறப் படுக்க வைப்பது. முதல் வாரங்களில் அம்மாவோ அப்பாவோ சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டால் போதும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம். பால் குடித்த உடனே வேண்டாம். தவழத் தொடங்காத பிள்ளைக்கு ஒரு நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் அரை மணி நேரமாவது இது வேண்டும் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். தூக்கம் எப்போதும் மல்லாந்துதான்.

எண்ணெய்க் குளியல் பற்றிக் கேட்பீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தடவி நீவிவிடுவது நல்ல விஷயம். தொடுதல் தன் உடம்பைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துகிறது. ஆனால் கை கால் நீளும் என்று இழுத்து மடக்குவது, இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, மூக்கில் எண்ணெய் விடுவது ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். "டாக்டர் சொன்னாங்க" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: 2 முதல் 4 மாதம், உதைப்பின் காலம்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தங்கை மகன் அப்போது இருந்ததும் இதன் வாசலில்தான்.

இரண்டு மாத வாக்கில் அந்த அடி வைக்கும் அனிச்சை காணாமல் போகும். மூளை வளர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் வேறு மாதிரி யோசித்தார். நிற்கும்போது அடி வைக்காத அதே பிள்ளை, மல்லாந்து படுத்தால் அதே தாளத்தில் காலை உதைக்கிறதே, அப்படியானால் எது மறைந்தது? 1984-இல் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளைக் கால் மூழ்கும் அளவு தண்ணீரில் நிற்கும்படி பிடித்தார்கள். அடி வைப்பது திரும்ப வந்துவிட்டது! காலில் சிறு எடையைக் கட்டினால் அடி குறைந்தது. அந்த மாதங்களில் காலில் கொழுப்பு சேருகிற வேகத்துக்குத் தசையின் பலம் சேர்வதில்லை. கால் கனத்துவிடுகிறது, அவ்வளவுதான். கரையில் நாலு பேர் சேர்ந்து தள்ளும் வத்தைப் படகு, தண்ணீரில் இறங்கியதும் ஒரு ஆள் தள்ளினாலே நகர்வது நமக்குத் தெரிந்ததுதானே. இதைப் படித்துவிட்டுப் பச்சைப்பிள்ளையைக் கடலில் இறக்க வேண்டாம். உப்புத் தண்ணீரும் அலையும் அந்த வயதுக்கு ஆகாது. உதைப்பதை நிறுத்தாமல் விட்டாலே கால் பலம் ஏறும் என்பதுதான் இதிலிருந்து நமக்கு வேண்டியது.

உதைக்கிற பிள்ளை கணக்கும் போடுகிறது. கரோலின் ரோவீ-கோலியர் என்ற இன்னொரு உளவியலாளர், தன் குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று அவன் கணுக்காலையும் தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மைகளையும் ஒரு நாடாவால் இணைத்தார். அவன் உதைத்தால் பொம்மை ஆடியது. சில நிமிடங்களில் உதைப்பு கூடிவிட்டது. பிறகு இதை முறையாகச் செய்து 1969-இல் வெளியிட்டார். இரண்டு மூன்று மாதப் பிள்ளை, "என் கால் அசைந்தால் அது ஆடுகிறது" என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. மூன்று மாதத்துப் பிள்ளை ஒரு வாரம் வரைக்கும் அதை மறப்பதில்லை.

நாடா கட்டுவதை வீட்டில் செய்யாதீர்கள், கழுத்திலோ விரலிலோ சுற்றிவிடும். அதற்குப் பதில் நான் தங்கை வீட்டில் செய்ததைச் செய்யலாம். ஓலைக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளையின் கால்மாட்டில் உட்காருங்கள். அவன் வலது காலை உதைத்தால் மட்டும் குலுக்குங்கள். இடது காலை உதைத்தால் சும்மா இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அவன் பாட்டுக்கு இரண்டு காலையும் உதைத்தான், கூரையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். அப்புறம் ஒரு கட்டத்தில் நின்றான். வாயை லேசாகத் திறந்து என் கையைப் பார்த்தான். வலது கால் ஒரு தடவை, குலுக்கல். காத்திருந்தான். மறுபடி வலது கால். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்த்தார். "ஏய், தெரிஞ்சுதான்டி செய்யிறான்" என்றார்.

இப்போது அந்த விலக்கு. மேலிருந்து கீழே என்று சொன்னேன் அல்லவா? கழுத்துக்கும் முதுகுக்கும் அது சரி. ஆனால் ஒரு பொருளைக் குறிவைத்துத் தொடுவதில் காலே கையை முந்துகிறது. 2004-இல் ஜேம்ஸ் கேலவேயும் தெலனும் எட்டும் தூரத்தில் பொம்மையைப் பிடித்துக் காட்டிப் பார்த்தபோது, பிள்ளைகள் சுமார் 12 வாரத்தில் காலால் தொட்டன. கையால் தொட இன்னும் ஒரு மாதம் போல ஆனது. தோள் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு, அதை அடக்கி ஆள்வது கடினம். இடுப்பு மூட்டின் குழி ஆழமானது, அசைவுக்கு வரம்பு உண்டு, கட்டுப்படுத்துவது சுலபம். அதனால் மூன்று மாதப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளை முகத்துக்கு நேரே மட்டும் தொங்கவிடாதீர்கள், பாதத்தருகிலும் காட்டுங்கள்.

இன்னொன்று கவனிக்கச் சொல்வேன். மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள், பிள்ளை அழாமல் விழித்துக் கிடக்கும்போது கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துருதுரு அசைவு ஓடிக்கொண்டே இருக்கும். ஹைன்ஸ் பிரெஷ்டல் என்ற மருத்துவர் இந்த அசைவுகளைப் பல வருடம் பார்த்து, அவை இல்லாமல் போவது மூளை வாதத்தின் (கை கால் அசைவைப் பாதிக்கும் செரிப்ரல் பால்சி) வலுவான முன்னறிகுறி என்று காட்டினார். வீட்டில் நாமே முடிவு கட்டக் கூடாது. பயிற்சி பெற்றவர் வீடியோவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

மூன்றாம் படி: 4 முதல் 6 மாதம், எட்டிப் பிடித்தல்

நாலாம் மாதத்தில் முஷ்டி திறந்திருக்கும். இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவே வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதைப் பிள்ளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். தடுக்க வேண்டாம்.

முதல் எட்டல் நேராகப் போகாது. முதல்முறை சுக்கான் பிடிக்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அதிகமாகத் திருப்பிவிட்டு, பதறி வலது பக்கம் திருப்பி, வளைந்து வளைந்து கரைக்கு வருவான். பிள்ளையின் கையும் அப்படித்தான், ஒரு பொம்மையைத் தொடுவதற்குள் நாலைந்து தடவை திசை மாறும். ஆறு ஏழு மாதத்துக்குள் அந்த வளைவுகள் குறைந்து பாதை நேராகும். இடையில் நீங்கள் பொம்மையை எடுத்துக் கையில் திணித்தால் ஒரு பாடம் போயிற்று. பத்து விநாடி பொறுங்கள்.

கை சரியாக வேலை செய்ய உடம்பு ஆடாமல் இருக்க வேண்டும். எட்ட முடியாமல் சிணுங்குகிற பிள்ளையை மடியில் வைத்து இடுப்பை இரு கையாலும் அணைத்துப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று கை நீளும். குப்புறப் போடும்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலும் அதே பலன்.

நம் பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஒன்று உண்டு. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி அசைப்பது. அதற்குச் சொன்ன மாதம் 5. கழுத்தும் தோளும் உடம்பின் பாரத்தைத் தாங்கத் தொடங்கும் காலம் அதேதான். யாரோ பாயோரம் உட்கார்ந்து நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மாதங்களில்தான் புரண்டு குப்புற விழுவதும். கட்டிலில் தனியாக விட்டுப் போகும் பழக்கம் அன்றோடு முடிந்தது.

நான்காம் படி: 6 முதல் 9 மாதம்

ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும். கையை முன்னால் ஊன்றி உட்காரும், பிறகு ஊன்றாமல் உட்காரும். உட்கார்ந்ததும் இரண்டு கைக்கும் விடுதலை.

மாதக் கணக்குக்கு நான் நம்புவது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வைத்தான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5. தானே நிற்பது 6.9-லிருந்து 16.9. தானே நடப்பது 8.2-லிருந்து 17.6. இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளில் 4.3 சதவீதம் பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேரே எழுந்து நடந்துவிட்டார்கள். ஆகவே "தவழாம நடந்தா ஆகாது" என்று யாராவது பயமுறுத்தினால் விட்டுத்தள்ளுங்கள்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் முட்டி வழுக்கும். பாய் நல்லது, சாணம் மெழுகிய தரையும் நல்லது. சாயங்காலம் சூடு ஆறிய மணல் இன்னும் நல்லது. கை புதையும், ஒவ்வொரு அடிக்கும் புதுக் கணக்குப் போட வேண்டியிருக்கும். மணலை வாயில் போடுவான், பக்கத்திலேயே இருங்கள்.

ஐந்தாம் படி: 9 முதல் 12 மாதம், இரண்டு விரல் பிடி

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேரும். கை தட்டும், சப்பாணி கொட்டுதல் என்று பிள்ளைத்தமிழ் 9-ஆம் மாதத்துக்குச் சொன்னது இதைத்தான். பிடிப்பதைவிட விடுவது கடினம் என்பதை இப்போது பார்க்கலாம். உங்கள் கையில் பொம்மையை வைக்க நினைப்பான், ஆனால் விரல் திறக்காது. அது பழகியதும் எல்லாவற்றையும் கீழே போட்டுப் போட்டு மகிழ்வான். அதுவும் பயிற்சிதான், எடுத்துக் கொடுங்கள். வேகவைத்த கேரட்டைச் சின்னதாக நசுக்கி, நன்றாகக் குழைந்த சோற்றுப் பருக்கையோடு தட்டில் வைத்து, தானே பொறுக்கித் தின்ன விடுங்கள்.

ஆனால் இந்த இரண்டு விரல் பிடி வந்த நாளிலிருந்து நம் கரையோர வீடுகள் ஆபத்தானவை. வீட்டுக்குள் வலை பொத்துகிற பழக்கம் இருந்தால் ஈயக்குண்டு தரையில் உருளும். அது தொண்டையில் அடைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். தூண்டில் முள், சோழி, தூண்டில் நரம்புத் துண்டு எல்லாம் அப்படியே. பிள்ளை தவழும் அறையில் வலை வேண்டாம், முடிந்தால் திண்ணையோடு நிறுத்துங்கள்.

அதைவிடப் பெரியது தண்ணீர். குடிதண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில் வாளி, அண்டா, டிரம் என்று வீடெல்லாம் பிடித்து வைத்திருப்போம். பிடித்து எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை வாளி விளிம்பைத்தான் பிடிக்கும். தலை கனம், கால் இலேசு. கவிழ்ந்தால் எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள், மூடி இல்லாததைப் பூட்டிய அறையில் வையுங்கள்.

ஆறாம் படி: நிற்பதும் நடப்பதும்

சக்கரம் வைத்து நடுவில் பிள்ளையை உட்கார வைக்கும் வாக்கர் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பினாலும் பரணில் போடுங்கள். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. படியில் உருண்டு விழும் விபத்துகள்தான் காரணம். சீக்கிரம் நடக்கவும் அது உதவாது, தாமதமாக்குவதாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. நம் மர நடைவண்டி வேறு. தானே எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை, தன் பாரத்தைத் தன் காலில் வைத்துக்கொண்டு அதைத் தள்ளுகிறது. அது இருக்கட்டும். வீட்டுக்குள் செருப்பு வேண்டாம், பாதம் தரையைத் தொட்டுப் படிக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நாலு மாதமாகியும் தலை நிற்காமல் இருப்பது, முஷ்டி திறக்காமல் இருப்பது. ஆறு மாதத்துக்குப் பிறகும் சத்தத்துக்குக் கையை விரித்து அதிரும் அனிச்சை மாறாமல் இருப்பது. தூக்கும்போது உடம்பு துணிபோலத் துவள்வது, அல்லது கால் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்வது. ஒன்பது மாதம் தாண்டியும் உட்காராதது. 18 மாதமாகியும் நடக்காதது. தெரிந்ததை மறந்துபோவது, இதற்கு வயதுக் கணக்கே இல்லை, உடனே ஓட வேண்டும்.

ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் பிள்ளை எப்போதும் ஒரே கையை நீட்டுகிறது என்றால், "இடக்கைப் பழக்கம் போல" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வர வேண்டும். தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பதினான்கு மாதப் பெண் பிள்ளையோடு என்னிடம் வந்தார். வலது முஷ்டி திறக்கவே இல்லை. ஏழாம் மாதத்திலேயே அவர் ஒரு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார், "பொறுங்க, சரியாயிரும்" என்று அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக்கு மிகவும் பலன் இருந்திருக்கும் ஏழு மாதம் வீணாயிற்று. பிறகு தொடங்கினோம், முன்னேற்றமும் இருந்தது, ஆனாலும் அந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஒருவர் பொறுக்கச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

எங்கே போவது? முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

போகும்போது கையில் வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. மருத்துவமனையில் பிள்ளை அழும் அல்லது தூங்கும், அசைவைப் பார்க்க முடியாது. அதனால் மாதம் ஒரு முறை, பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, வயிறு நிறைந்து அமைதியாக விழித்திருக்கும்போது எடுங்கள். ஜட்டி மட்டும் போட்டு, வெறும் பாயில் மல்லாந்து படுக்க வையுங்கள். மேலிருந்து முழு உடம்பும் தெரியும்படி போனைப் பிடித்து மூன்று நிமிடம். வாயில் நிப்பிள், கையில் பொம்மை, பக்கத்தில் கொஞ்சும் பெரியம்மா எதுவும் வேண்டாம். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கை போனில் இப்போது பதினொரு வீடியோ இருக்கிறது. இரண்டாவதில், பிள்ளைக்குப் பின்னால் ஓரமாக ஒரு கரண்டி தெரியும். அது அத்தை.